பொறிக்குள் ஒரு பொறி

தீயிலிருந்து தெறிப்பதும் பொறி, இயந்திரமும் பொறி. இந்த இரண்டு பொருளும் ஒன்றாகக் கூடும் இடம் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டருக்குள் அமுங்கி நிற்கும் பெட்ரோல் கலந்த காற்றைப் பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். அதுவும் சரியான கணத்தில் வேண்டும். கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் சின்னப் பொறியைப் பற்றி ஒரு கேள்வி எழுகிறது. மின்மோட்டார், பம்பு, நூற்பு இயந்திரம், கம்ப்ரெசர், பல்சக்கரம், ஹாரன், டேஷ்போர்டு மீட்டர் என்று வெளியிலிருந்து வந்த எதையும் பிரித்துப் பார்த்து, பிறகு தானே செய்து விற்ற ஊர் இது. பழுது பார்ப்பதில் தொடங்கிப் புதிதாகச் செய்வதில் போய் முடிவதுதான் இந்த ஊரின் வழக்கம். பெட்ரோல் வண்டியின் இக்னீஷனில் மட்டும் அது பழுது பார்ப்பதோடு நின்றுவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த ஊர் மெக்கானிக்குகள் பாயிண்ட் தேய்த்தார்கள், டைமிங் வைத்தார்கள். ஆனால் இக்னீஷன் என்ற பொருள் கோவையின் அடையாளங்களில் ஒன்றாக ஆகவே இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் வந்தது, கைத்தொழில் போனது என்று இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். அந்தப் பதில் காலத்திலும் தவறு, காரணத்திலும் தவறு என்பது என் கருத்து. எலெக்ட்ரானிக் பெட்டி வருவதற்கு வெகு முன்பே, பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை இந்த ஊரின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

பழைய முறை எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். அம்பாசிடரிலோ பத்மினியிலோ பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் இக்னீஷன் காயிலின் முதல் சுற்றுக்குள் போய், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாகப் பூமிக்கு இறங்கும். பாயிண்ட் என்பது ஒன்றையொன்று தொட்டுப் பிரியும் இரண்டு டங்ஸ்டன் முனைகள். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் நாலு முனை உள்ள ஒரு கேம் சுற்றும். கேமின் முனை வந்து இடிக்கும்போது பாயிண்ட் விலகும், மின்சாரம் அறுபடும், காயிலுக்குள் தேங்கியிருந்த காந்தப்புலம் சட்டென்று சரியும். அந்தச் சரிவில் இரண்டாம் சுற்றில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழும்பி, ரோட்டார் காட்டும் பிளக்கில் போய்ப் பாயும். மின்சாரம் ஓடும்போது பொறி வருவதில்லை, அறுபடும்போதுதான் வருகிறது. அறுபடும் இடத்தில் முனைகள் கருகாமல் காப்பது பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்டன்சர். கண்டன்சர் கெட்டால் பாயிண்ட் ஒரே நாளில் தீய்ந்துவிடும். பொறியும் நீலம் போய் மஞ்சளாக நொண்டும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 முறை இது நடக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டினால் 3,60,000 முறை. ஒவ்வொரு முறையும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உலோகம் பெயரும். ஒரு பக்கம் குழியும், எதிர்ப் பக்கம் மேடும் விழும். கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி குறையும், பொறி கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்திப்போகும். மெக்கானிக் செய்ததெல்லாம் இந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்டுவதுதான். உப்புத்தாளால் முனையைத் தேய்ப்பார். ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவருவார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் ஒரு நூலளவு திருப்பி, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு போல்டை இறுக்குவார். மேட்டில் ஏறும்போது சிலிண்டர் கணகணவென்று அடித்தால் பொறி முந்துகிறது. பிக்கப் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனால் பிந்துகிறது. கேஜ் இல்லாத இடத்திலும் இந்தக் காது வேலை செய்தது.

இந்தக் காதுக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் ரட்ஜ் மோட்டார்சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்து, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கிப் பிரித்துப் பூட்டிய கதையைக் கோவையில் அறியாதவர் இல்லை. அந்தக் காலத்து மோட்டார்சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்ற கருவி எஞ்சினோடு சேர்ந்து சுற்றித் தானே மின்சாரம் உண்டாக்கித் தானே பொறி விடும். உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை 1902இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். அதை வடிவமைத்தவர் காட்லோப் ஹோனால்ட். முதல் உலகப் போர் மூண்ட 1914இல் பிரிட்டனுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. எஞ்சின் செய்யத் தெரிந்த அந்த நாடு, எஞ்சினுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவுக்குப் பெரும்பாலும் எதிரி நாட்டையே நம்பியிருந்தது. உலகத்துக்கே இயந்திரம் விற்ற நாட்டால் அந்தச் சின்னப் பெட்டியைத் தேவையான அளவில் உடனே செய்துவிட முடியவில்லை. இக்னீஷன் என்பது எஞ்சினின் மற்ற உறுப்புகளைப் போன்றதல்ல, தனி அறிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. கோவை பின்னால் சந்தித்ததும் இதே பிரிவினையைத்தான்.

நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெயரில் வளர்ந்தது. அந்தத் தலைமுறை பஸ்கள் பெட்ரோலில் ஓடியவை. பொறியை முன்னுக்குத் தள்ளவும் பின்னுக்கு இழுக்கவும் பல வண்டிகளில் ஸ்டீயரிங்கிலேயே ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது பின்னுக்கு இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் கம்பி எதிர்ப்பக்கம் உதைத்துக் கையை முறித்துவிடும். வேகம் எடுத்தபின் முன்னுக்குத் தள்ள வேண்டும். ஆக, பொறியின் நேரம் ஓட்டுநரின் கையிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்களின் பின்னால் அடுப்புக் கட்டிக் கரிவாயுவில் ஓட்டியபோது இந்த அறிவு பெரிய அளவில் கைகொடுத்தது. கரிவாயு பெட்ரோலை விட மெதுவாக எரியும். அதனால் பொறியை இன்னும் முன்கூட்டியே விட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற சக்தியும் சைலன்சர் வழியே போய்விடும். எந்த எரிபொருளுக்கு எவ்வளவு முன்னால் என்பதைச் சொல்ல அந்த பஸ்களுக்கென்று தனிப் புத்தகம் வந்திருக்காது. செட்டுகளில் வேலை பார்த்தவர்கள் ஓட்டிப் பார்த்தே கண்டுகொள்ள வேண்டியிருந்தது. கொங்கு நாட்டில் பொறியின் நேரத்தை இங்கிருந்தவர்களே தீர்மானித்த ஒரே காலம் என்று இதைச் சொல்வேன்.

இனிக் கேள்விக்கு வருவோம். நேரம் தெரிந்தவர்கள் ஏன் கருவியைச் செய்யவில்லை? திறமை இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க முடியாது. பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்தது; 1937இல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று பெயர்பெற்ற மோட்டாரைப் பீளமேட்டில் செய்தார்கள். அதற்குப் பின் மோட்டார் காயில் கட்டுவது ஊர் முழுக்கப் பரவிய தொழிலானது. இக்னீஷன் காயிலும் கம்பிச் சுற்றுதான். முதல் சுற்றில் சில நூறு, இரண்டாம் சுற்றில் தலைமுடியை விட மெல்லிய கம்பியில் பல ஆயிரம். 20,000 வோல்ட் தாங்கும் இன்சுலேஷனும், டங்ஸ்டன் முனையும், பேக்கலைட் மூடியும் கடினம் என்று சொல்லலாம், கடினம்தான். ஆனால் இதற்கு எதிரான சான்று கோவையிலேயே உரக்கச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. மின் ஹாரனைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு காயில், ஒரு ஜோடி பாயிண்ட். மின்சாரம் ஓடினால் காயில் தகட்டை இழுக்கும். இழுபட்ட கணமே பாயிண்ட் விலகி மின்சாரம் அறுபடும். தகடு திரும்பும், பாயிண்ட் மறுபடி சேரும். விநாடிக்குச் சில நூறு முறை இப்படித் துடிப்பதுதான் நாம் கேட்கும் ஒலி. ஃபோர்டின் மாடல் டி காரில் பொறி விட்ட துடிப்புக் காயிலும் இதே தத்துவத்தில் வேலை செய்ததுதான். அமெரிக்கன் ஆட்டோ சர்வீஸ் என்ற பெயரில் 1970இல் தொடங்கிய ரூட்ஸ் நிறுவனம் கோவையில் ஹாரன் செய்து நாடு முழுக்க விற்றது. 1970களின் நடுவில் பிரிக்கால் டேஷ்போர்டு மீட்டர் செய்ய வந்தது. அதற்கு முன்பே, 1960இல் எல்ஜி நிறுவனம் ஒர்க்‌ஷாப்புக்கு வேண்டிய கம்ப்ரெசரும் கருவிகளும் செய்யத் தொடங்கியிருந்தது. காயில் சுற்றவும், லட்சக்கணக்கான முறை அறுபட்டுச் சேரும் பாயிண்டைச் செய்யவும் தெரிந்த ஊரில் திறமைக் குறை எங்கே?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாரன் எந்த வண்டியிலும் மாட்டும். வாங்குபவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் நிற்கும் ஓட்டுநர். பம்பு எந்தக் கிணற்றிலும் இறங்கும். கிணற்றின் ஆழமும் நீர்மட்டமும் கொங்கு விவசாயிக்கும் பம்பு செய்பவருக்கும் தெரிந்த விஷயம். இக்னீஷன் அப்படியல்ல. டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டைத் தூக்கினால் இரண்டு சின்ன எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் இரண்டு சுருள் வில்களும் தெரியும். பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஒரு வில் மெல்லியது, மற்றது தடித்தது, கொஞ்சம் தளர்வாகத் தொங்கும். வேகம் கூடும்போது எடைகள் வெளியே விரிந்து கேமை முன்னால் திருப்பும். முதலில் மெல்லிய வில் மட்டும் எதிர்க்கும், பிறகு தடித்ததும் சேர்ந்துகொள்ளும். எந்த வேகத்தில் எத்தனை டிகிரி முன்னால் பொறி விழ வேண்டும் என்ற முழுக் கணக்கும் அந்த இரண்டு வில்களின் தடிமனில் எழுதப்பட்டிருந்தது. ஸ்டீயரிங்கில் இருந்த நெம்புகோல் மறைந்து இந்த வில்களுக்குள் போனபோதே ஓட்டுநரின் கையிலிருந்து நேரம் போய்விட்டது. கணக்கைப் போட்டது எஞ்சினை வடிவமைத்த நிறுவனம், தன் சோதனைக் கூடத்தில். அம்பாசிடரின் 1,489 சி.சி. எஞ்சினுக்கு அது இங்கிலாந்தில் போடப்பட்டது. பத்மினியின் மூலமான ஃபியட் 1100க்கு இத்தாலியில். கோவை மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியபோது அந்தக் கணக்கை முழுதாக ஒரு டிகிரி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினார், அவ்வளவே. அதன் வடிவத்தை அவர் தொடவில்லை. தொடுவதற்கு வேண்டிய தகவலும் அவரிடம் வந்து சேரவில்லை. சுதந்திரத்துக்குப் பின் உரிமமும் வெளிநாட்டுக் கூட்டும் இந்தப் பிரிவினையைச் சட்டமாகவே ஆக்கின. பெங்களூரில் 1950களின் தொடக்கத்தில் மைக்கோ வந்து பாஷின் பிளக்கும் டீசல் பம்பும் செய்தது; சென்னை பாடியில் 1960களின் தொடக்கத்தில் லூக்காஸ்-டி.வி.எஸ். வந்து வண்டிகளின் மின்கருவிகளைச் செய்தது. நேரத்தின் கணக்கு வெளிநாட்டிலிருந்து நேரே அங்கே போய்ச் சேர்ந்தது. நடுவில் கோவைக்கு இடமில்லை.

எஞ்சின் இங்கேயே பிறந்திருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று நினைக்கக் காரணம் உண்டு. 1952இல் நாயுடு 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். உற்பத்திக்கு அரசு உரிமம் தர மறுத்ததால் அது நின்றுபோனது. அந்தக் கார் வெற்றி பெற்றிருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2,000 ரூபாயில் தரத்தைக் காப்பாற்றியிருக்க முடியாது என்று வாதிடலாம், நியாயமான சந்தேகம்தான். என் அக்கறை காரின் விலையில் இல்லை. சொந்தமாகக் கார் செய்பவர் அதன் எஞ்சினுக்கு எந்த வேகத்தில் எத்தனை டிகிரி என்ற கேள்வியைத் தானே கேட்டாக வேண்டும். அதற்குச் சோதனை மேஜை வேண்டும், அதில் வேலை பார்க்க ஆட்கள் வேண்டும், அவர்கள் பிறகு பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பரவுவார்கள். பம்பும் மோட்டாரும் இந்த ஊரில் அப்படித்தான் பெருகின. உரிமம் மறுக்கப்பட்டபோது காரோடு அந்த மேஜையும் இல்லாமல் போனது.

இங்கே ஒரு வலுவான மறுப்பைச் சந்தித்தாக வேண்டும். கொங்கு நாடு டீசல் நாடு. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பெயர்பெற்றவை, திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிக்கு, கரூர் பஸ் பாடி கட்டுவதற்கு. இவை எல்லாமே டீசல். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் தெளிக்கும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். பிறகு இக்னீஷனுக்கு இங்கே ஏன் சந்தை இருக்கப்போகிறது? சந்தையைப் பொறுத்தவரை இந்த மறுப்பு பெருமளவு சரி; பெட்ரோல் பஸ்கள் டீசலுக்கு மாறியபோது யு.எம்.எஸ். காலத்து இக்னீஷன் அறிவுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் கூட்டம் கரைந்தது. ஆனால் டீசலில் நேரம் என்ற பிரச்சினை மறைந்துவிடவில்லை. பொறி விழும் கணத்துக்குப் பதில் டீசல் தெளிக்கும் கணம் வந்தது. அதைத் தீர்மானிக்கும் இன்ஜெக்‌ஷன் பம்பும் நாசிலும் பெரும்பாலும் மைக்கோவிலிருந்து வந்தன. கொங்கு நாட்டு ஊர்களில் பம்பைக் கழற்றிச் சோதனை மேஜையில் ஏற்றி அளவு வைத்துக் கொடுக்கும் கடைகள் பெருகின. அந்த மேஜையில் வைக்கப்பட்ட அளவும் கம்பெனி கொடுத்த அட்டவணையில் இருந்ததுதான். எரிபொருள் மாறியும் ஏற்பாடு மாறவில்லை என்பதால், இந்த மறுப்பு என் கருத்துக்குத் துணையாகவே வந்து நிற்கிறது.

எலெக்ட்ரானிக் இக்னீஷன் இந்தப் பின்னணியில்தான் வந்தது. வேலை எளிமையானது. பாயிண்டால் 4 ஆம்பியருக்கு மேல் அறுக்க முடியாது, தீய்ந்துவிடும். வேகம் கூடினால் காயிலில் காந்தப்புலம் நிரம்ப நேரமும் கிடைக்காது. டிரான்சிஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. முதலில், 1960களில், பாயிண்டை வைத்துக்கொண்டே அதன் பாரத்தை மட்டும் டிரான்சிஸ்டர் தாங்கியது. பிறகு பாயிண்டே போனது. சுற்றும் தண்டில் ஒரு பல் கடந்து போவதைக் காந்தச் சுருளோ ஹால் சென்சாரோ தொடாமலேயே உணர்ந்து சொன்னது. தொடாததால் தேய்மானம் இல்லை, தேய்மானம் இல்லாததால் நேரம் நகரவில்லை. அமெரிக்காவில் கிரைஸ்லர் 1973 மாடல் கார்கள் எல்லாவற்றிலும் இதைப் பொருத்தியது. அங்கே இந்த மாற்றத்தின் வேகத்தைக் கூட்டியது 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். கார் 50,000 மைல் ஓடிய பிறகும் புகை அளவு எல்லைக்குள் இருக்க வேண்டுமென்றால், சில ஆயிரம் மைலில் நகர்ந்துவிடும் பாயிண்டை நம்ப முடியாது. இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கான புகைக் கட்டுப்பாடு 1991இல் தொடங்கி, 1996இலும் 2000இலும் இறுகியது. ஆனால் கொங்கு நாட்டுக்கு இந்த நுட்பம் முதலில் வந்தது காரில் அல்ல, இரு சக்கர வண்டியில். 1984க்குப் பின் வந்த ஜப்பானியக் கூட்டு மோட்டார்சைக்கிள்கள் பாயிண்டுக்குப் பதில் சி.டி.ஐ. என்ற உள்ளங்கை அளவுப் பெட்டியைக் கொண்டுவந்தன. ஓசூரில் அதே பத்தாண்டில் எழுந்த இந்தியா நிப்பான் தொழிற்சாலை இந்தப் பெட்டிகளைச் செய்தது. பிசினை ஊற்றி மூடிய பெட்டி, திறந்தால் உடையும். கெட்டால் மாற்ற வேண்டியதுதான்.

அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பெட்டி நன்றாகவே வேலை செய்கிறது. மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி நின்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த காலம் போனது, பெட்ரோல் மிச்சம், புகை குறைவு. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். பாயிண்ட் தேய்ப்பது ஒரு குறையைச் சரிசெய்யும் வேலை. குறையே நீங்கியபின் அந்த வேலை போனது நல்லதே. ஆனால் பாயிண்டோடு எல்லாம் போய்விட்டது என்று சொல்லும்போது, அதற்கு முன் இந்த ஊரிடம் என்ன இருந்தது என்பது மறைந்துவிடுகிறது. இருந்தது தேய்மானத்தின் மேல் நின்ற பிழைப்பு. அந்தப் பழைய பஸ் காலத்தைத் தவிர்த்தால், நேரத்தின் கணக்கு என்றும் இங்கே இருந்ததில்லை. கோவையில் ரேஸ் கார் கட்டிய எஸ். கரிவர்தனின் அனுபவத்திலும் இதைக் காணலாம். 1980களில் மாருதி 800இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கி, நடுத்தர வசதி உள்ள இளைஞர்களும் ரேஸ் ஓட்ட வழிசெய்தவர் அவர். சட்டகமும் உடலும் கோவையின் சொந்தச் சிந்தனை. எஞ்சின் இரவல். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார்; செட்டிபாளையம் பந்தயத் தடம் 2003இலிருந்து அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இன்றைய காரில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. பல கார்களின் கிராங்க் தண்டில் 60 பல்லுக்கு இடம் விட்டு 58 பல் மட்டும் வெட்டிய சக்கரம் சுற்றுகிறது. அந்த இரண்டு பல் இடைவெளி கடக்கும்போது கம்ப்யூட்டர் தன் இருப்பிடத்தைத் தெரிந்துகொள்கிறது. வேகம், காற்றின் அளவு, சூடு, சிலிண்டர் அடிக்கும் சத்தத்தைக் கேட்கும் நாக் சென்சார் எல்லாவற்றையும் பார்த்து, ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கிறது. மெக்கானிக்கின் காது செய்ததை அந்த சென்சார் செய்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் பெரும்பாலான இரு சக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் இதே முறை வந்துவிட்டது. ஸ்கேனரை மாட்டினால் ஒர்க்‌ஷாப்பில் இருப்பவர் டைமிங்கை எண்ணாகப் பார்க்கலாம், மாற்ற முடியாது. இதில் ஒரு திருப்பமும் உண்டு. 1902இல் மேக்னெட்டோ செய்த அதே பாஷின் மென்பொருள் கிளை கோவையிலும் இயங்குகிறது. வாகனக் கட்டுப்பாட்டுக்கான மென்பொருள் வேலை அங்கே நடக்கிறது. ஆகவே நேரம் கோவைக்கு வந்துவிட்டது என்று ஒருவர் வாதிடலாம். வந்தது வேலை, நல்ல வேலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வு தரும் வேலை. ஆனால் கணக்கு யாருடைய எஞ்சினுக்கோ எழுதப்படுகிறது. அதை எழுதுபவருக்கும் சில கிலோமீட்டர் தள்ளி ஸ்கேனரோடு நிற்பவருக்கும் இடையே ஒரு தாள் தகவல்கூடக் கைமாறுவதில்லை.

இப்போது பொறியே தேவைப்படாத வண்டிகள் வந்துவிட்டன. ஆம்பியர் மின்ஸ்கூட்டர் 2008இல் கோவையில் தொடங்கி, பத்தாண்டுக்குப் பின் கிரீவ்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. மின்ஸ்கூட்டரின் பி.எல்.டி.சி. மோட்டாரைப் பிரித்தால் காயில்களுக்கு நடுவே மூன்று சின்ன ஹால் சென்சார்கள் இருக்கும். ரோட்டார் காந்தம் எங்கே நிற்கிறது என்று அவை சொல்ல, எந்தக் காயிலுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் விடுவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்யும். பாயிண்டைத் துரத்திய அதே சென்சார், அதே கேள்வி: எப்போது? ஆனால் இம்முறை மோட்டார் இரவல் அல்ல. பீளமேட்டிலும் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் மூன்று தலைமுறையாகச் சுற்றப்பட்டு வரும் பொருள் அது. அதே வகை மோட்டார் இப்போது பம்பிலும் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஆழம் தெரிந்த கிணறும், சுற்றத் தெரிந்த கையும் இங்கே இருக்கின்றன. கன்ட்ரோலருக்குள் இருக்கும் புரோகிராமை இங்கேயே எழுதப்போகிறார்களா, இல்லை மூடிய பெட்டியாக வெளியிலிருந்து வாங்கி மாட்டப்போகிறார்களா என்பதுதான் இன்று இந்த ஊர்ப் பட்டறைகளின் முன்னால் இருக்கும் கேள்வி.